காணாமல் போன ஓரடித் தண்ணீர்

காலையில் கரைமேல் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்த கொக்கு அதை இறக்கி, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அடுத்ததாகத் தன் கண்ணையே துடைத்துக்கொண்டு பார்த்தார். எதைத் துடைத்தும் பயனில்லை. தூரத்தில் தண்ணீருக்கு நடுவே நின்ற தூணில், அளவுப் பலகை மூன்றேகால் அடி என்றது. முந்தின நாள் காலையில் அதே பலகை நாலேகால் என்று சொல்லியிருந்தது. ஒரே ராத்திரியில் ஓரடித் தண்ணீரைக் காணவில்லை.

கொக்கு என்பது அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயரில்லை. நீர்த்தேக்கத்தில் அளவு பார்ப்பது அவர் வேலை. கரைமேல் கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு அவர் பைனாகுலர் பார்க்கிற அழகைக் கண்டு யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. நல்ல காலத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். குனிந்தாலே அளவு தெரியும். மழை ஏமாற்ற ஏமாற்றத் தண்ணீர் பின்வாங்கிப் போய், வரிசையாக நட்டிருந்த தூண்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றுவிட்டன. இப்போது தண்ணீருக்குள் நிற்பது கடைசித் தூண் ஒன்றுதான். அவ்வளவு தூரம் வெயிலில் இறங்கி நடக்க யாருக்குத் தலையெழுத்து? அலுவலகத்தில் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அளவு பார்க்க யாரும் கரையை விட்டு இறங்கியதில்லை.

அந்த அகலமான நீர்ப்பரப்பில் ஓரடி என்றால், கீழே இருக்கிற ஊர் ஒரு மாதம் குடித்துக் குளிக்கிற தண்ணீர். மழைக்கோ இன்னும் இரண்டு மாதம் இருந்தது. போதாததற்கு, பலகையில் மூன்றரை அடியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அதற்குக் கீழே போனால் காகித ஆலைக்கும் பூங்கா நீரூற்றுக்கும் குழாயை அடைத்துவிட வேண்டும். வீடுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். விதி அப்படி. அன்று காலையிலேயே அடைத்தார்கள்.

மதியத்துக்குள் மதகுக்காரன் பிடிபட்டான். ராத்திரியில் அவ்வளவு தண்ணீர் வெளியே போக மதகை விட்டால் வழியில்லை. மதகுச் சாவி அவன் ஒருவனிடம்தான் இருந்தது. திறந்துவிட்டுத் தண்ணீர் லாரிக்காரனுக்கு விற்றுவிட்டான் என்று நகர மன்றத் தலைவர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மதகுக்குக் கீழே வாய்க்காலில் ஈரம் வேறு இருந்தது. அந்த மதகு கட்டின நாளிலிருந்து கசிந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவனை ஜீப்பில் ஏற்றி வந்தவர் ஸ்டேஷன் ஏட்டு. மதகுக்காரன் ஏட்டுக்கு மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. அன்றிரவு வீட்டில் அவர் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிட்டாள். பையன் திருடியிருக்க மாட்டான் என்று மனசு சொல்லியது. சாவி அவனிடம்தானே இருந்தது என்று இருபது வருடச் சர்வீஸ் சொல்லியது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விடியும்வரை புரண்டார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். வேறு ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வெளியூர்க் கோர்ட்டுக்குப் போயிருந்தவர். குள்ளமான உருவம், மெதுவான பேச்சு. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'இருங்க மேடம்' என்று பெயர். யார் எதை முடிவாகச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை "இருங்க" என்பதுதான். அந்த ஒரு வார்த்தையால் கையும் களவுமாகப் பிடிபட்டதாக எழுதப்பட்ட மூன்று பேர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நல்லவர்களாக நடமாடிய நாலு பேர் உள்ளே போயிருக்கிறார்கள். ஏட்டு வெளியில் கேலி செய்வார். உள்ளுக்குள் அவரை நினைத்தால் ஒரு பெருமை.

"கேஸ் ரெடி மேடம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்," என்றார் ஏட்டு. குரல் கொஞ்சம் தடுமாறியது.

"இருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "பையன் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சினன்."

"அப்ப நீங்க கூடவே வாங்க. ஆனா வாயைத் திறக்காதீங்க."

லாக்கப்பில் மதகுக்காரன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டர் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"மதகைத் திறந்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"கடைசியா எப்பத் திறந்தீங்க?"

"போன வருஷம். சக்கரம் துருப்பிடிச்சுக் கிடக்கு. திறந்தா கிறீச்சுன்னு பம்ப் ஹவுஸ் வரைக்கும் கேக்கும்."

"மதகு தவிர வேற என்ன வேலை?"

"கோபுரத்துல வாய் மாத்தறதுங்க."

அது என்ன வாய் என்று அவர் கேட்க, பையன் கையால் காற்றில் வரைந்து காட்டினான். தண்ணீர் எடுக்கிற கோபுரத்தில் மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய். மேல் வாயில் தெளிந்த தண்ணீர் வரும். பலகையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் மேல் வாய் பாதி வெளியே தெரிந்துவிடும். பம்ப் காற்றைக் குடித்து இருமும். அப்போது மேல் வாயை அடைத்துக் கீழ் வாயைத் திறக்க வேண்டும். கீழ் வாயில் வருவது கலங்கல் தண்ணீர்தான், இருந்தாலும் தண்ணீர்.

"நேத்து மாத்தினீங்களா?"

"எஞ்சினியர் சார்கிட்ட கேட்டேன். இப்ப வேணாம்னுட்டார். அதுக்குள்ளதான் மாமா வந்து கூட்டிட்டு வந்துட்டாரே."

ஏட்டு மின்விசிறியை ஆராய்ந்தார்.

கரையில் வித்தியாசமாக ஏதாவது பார்த்தாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்குப் பையன் யோசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். தினமும் கடைசித் தூணின் உச்சியில் ஒரு நீர்க்காகம் வந்து இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நேற்று அது அங்கே உட்காரவில்லை. தள்ளி ஒரு பாறைமேல் நின்றது.

"தண்ணி போனது அதுக்கும் தெரிஞ்சிருச்சு போலிருக்குங்க."

"பறவையைச் சாட்சிக்கு இழுக்கிறான் பாருங்க மேடம்," என்று ஏட்டு சிரிக்க வைக்கப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எந்தப் பாறை, தூணிலிருந்து எவ்வளவு தூரம் என்று பையனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து லாரிக்காரர். தலைவரின் கணக்கில் அவர்தான் திருட்டுப் பொருளை வாங்கியவர். தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் அவருக்கு யோகம் என்பது ஊருக்கே தெரியும். மறைக்க அவரும் முயலவில்லை. ஆனால் குற்றச்சாட்டைக் கேட்டதும் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"மேடம், ஓரடித் தண்ணிய அள்ளணும்னா ஊர்ல உலகத்துல இருக்கிற லாரி எல்லாம் வரிசையில நிக்கணும். என்கிட்ட இருக்கிறது ஆறு. அதுல ரெண்டு தள்ளினாத்தான் ஓடும்."

அவர் போனபிறகு இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். லாரியில் போகவில்லை என்றால் வாய்க்காலில்தான் போயிருக்க வேண்டும். அவ்வளவும் வாய்க்காலில் போயிருந்தால் கீழே இருக்கிற வயல் எல்லாம் மிதந்திருக்கும். அங்கே இருந்ததோ கசிவு ஈரம். ஏட்டுக்கு முதல் தடவையாக மூச்சு கொஞ்சம் ஒழுங்காக வந்தது. வந்த வேகத்தில் அடுத்த கேள்வியும் வந்தது. அப்படியானால் தண்ணீர் எங்கே?

எஞ்சினியரின் அறை பம்ப் ஹவுஸை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த சத்தம் மேஜையில் கையை வைத்தால் விரலுக்குத் தெரிந்தது. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. மேஜை ஓரத்தில் வீட்டிலிருந்து வந்த டிபன் டப்பா திறக்கப்படாமல் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு டப்பா, அதுவும் திறக்கப்படாமல். நேற்றையது.

ஏட்டுக்கு அவரை ஏற்கெனவே தெரியும். நகர மன்றக் கூட்டத்துக்குக் காவல் நின்றபோது பார்த்திருக்கிறார். இதே மனிதர் எழுந்து நின்று, ஆலைக்கும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் சேறு தெரியும், இப்போதே சிக்கனம் பிடித்தால் மழை வரை இழுத்துப் பிடிக்கலாம் என்று கெஞ்சினார். ஒரு தடவை இல்லை, மூன்று கூட்டத்தில் கெஞ்சினார். பலகை சிவப்பைத் தொடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தலைவர் சொல்ல, மன்றமே சிரித்தது. உண்மையைச் சொன்னால் ஏட்டும் கொஞ்சம் சிரித்தார்.

"மதகுக்காரர் எப்படிப்பட்டவர்?" இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார்.

"அவன் செய்யல மேடம். அதை நான் எங்க வேணா எழுதிக் குடுக்கறேன்."

"அப்ப யார் செஞ்சது?"

எஞ்சினியர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். "பலகை என்ன சொல்லுதோ அதைத்தானே நான் சொல்ல முடியும்."

"அளவு பார்க்கிறவருக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா. பத்து நாள் படுத்து எந்திரிங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன்."

"ஆனா மறுநாளே வந்து பார்த்திருக்கார்."

"வந்துட்டார்," என்றார் எஞ்சினியர், மேஜையைப் பார்த்தபடி.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வாசலில் நின்று சுவரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பம்ப் சத்தத்தைக் கேட்டார். நோயாளியின் நெஞ்சில் டாக்டர் காது வைப்பது போல இருந்தது அது. நன்றாக ஓடுகிறதே என்றார். ஓடுகிறது என்றார் எஞ்சினியர்.

உச்சி வெயிலில் இருவரும் கரைக்குப் போனார்கள். கொக்கு கம்பளி மப்ளர் சுற்றிக்கொண்டு, காய்ச்சல் கண்களோடு அங்கேயே இருந்தார். லீவு போட்டும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சங்கடப்பட்டார். பன்னிரண்டு வருடமாகக் காலையில் பார்க்கிற முகம் அந்தப் பலகை. படுத்திருந்தால் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் ஒளிந்து கிளம்பி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தார். வராமல் இருந்திருந்தால் இந்தப் பழியைத் தன் வாயால் சொல்ல வேண்டி வந்திருக்காது என்றார்.

இன்ஸ்பெக்டர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாங்க ஏட்டு, இறங்கலாம்."

"அங்கயா மேடம்? சேறா இருக்கும்."

"அதைப் பார்க்கத்தான்."

ஏட்டு பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போனார். நடந்தார்கள், நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள். கரைமேலிருந்து பார்க்கும்போது கூப்பிடு தூரம் போல இருந்த தண்ணீர் கிட்டே வருவதாகவே இல்லை. தரையில் நின்ற தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. காலடியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் ஒரு கை நுழையும். தண்ணீர் ஓரத்துக்கு வந்து சேர்ந்தபோது ஏட்டுக்கு மூச்சு வாங்கியது. மடித்துவிட்ட பேண்ட்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வெடித்த மண் கிட்டத்தட்டத் தண்ணீர் வரைக்கும் வந்து, கடைசியில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் ஈரம் இருந்தது.

சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற சின்னப் படகு அங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஏட்டு துடுப்புப் போட, இருவரும் கடைசித் தூணுக்குப் போனார்கள். கிட்டே போனதும் ஏட்டுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. வெள்ளைப் பலகையில் பாசிக்கறை நாலேகால் அடி வரைக்கும் படிந்திருந்தது. தண்ணீரோ மூன்றேகாலில் நின்றது. ஓரடி இறங்கியது உண்மைதான். மச்சினனை இனி யாராலும் காப்பாற்ற முடியாது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்க்கவே இல்லை. படகைச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லித் தூணின் பக்கவாட்டைத் தடவினார். அண்ணாந்து உச்சியைப் பார்த்தார். தூணின் தலையில் பறவை எச்சம் சுண்ணாம்பு பூசியதுபோல் தடித்திருந்தது. அதற்கு மேலே பலகையின் விளிம்பு மெல்லிசாக, சுத்தமாக நீட்டிக்கொண்டிருந்தது. போல்ட்டில் விரலை வைத்துப் பார்த்தார். விரலில் புதுக் கிரீஸ் ஒட்டியது.

"நாலு மணிக்குத் தலைவரை இங்க வரச் சொல்லுங்க. எஞ்சினியர், கொக்கு, உங்க மச்சினன், எல்லாரும் வரணும்."

"கரைக்குத்தானே மேடம்?"

"இல்ல. இங்க, தண்ணி ஓரத்துக்கு."

நாலு மணிக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். தலைவர் பளபளக்கிற ஷூவில் வந்தவர், பாதி வழியில் வெடிப்பில் கால் இடறி, ஷூவைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வேர்வை. திருடனைக் கோர்ட்டில் நிறுத்தாமல் இங்கே என்ன வேடிக்கை என்று வரும்போதே ஆரம்பித்தார்.

"இருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "முதல்ல உங்க கால்ல பாருங்க. சேறு ஒட்டியிருக்கா?"

தலைவர் குனிந்து பார்த்தார். வெறும் தூசிதான் இருந்தது.

"இந்தச் சரிவுல தண்ணி ஓரடி இறங்கினா, அம்பது அடி அகலத்துக்கு ஈரச் சேறு வெளிய வரணும். ரெண்டு நாள்ல அது இப்படிக் காஞ்சு வெடிக்காது. நீங்க வெடிச்ச மண்ணுலயே நடந்து தண்ணி வரைக்கும் வந்துட்டீங்க. அப்ப தண்ணி இறங்கல."

"பலகை சொல்லுதே!"

"தண்ணி இறங்கல. பலகை ஏறியிருக்கு."

கொக்கின் வாய் தானாகத் திறந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். பலகையிலும் தூணிலும் அடிக்கு ஒரு துளை உண்டு. யாரோ படகில் போய், போல்ட்டைக் கழற்றிப் பலகையை ஓரடி மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்கள். கூடவே பலகையில் இருந்த பாசிக்கறையும் ஓரடி மேலே போய்விட்டது. பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் இறங்கினதாகத் தோன்றும். தூணில் இருக்கிற கறையை யாரும் பார்க்கவில்லை. அது தண்ணீர் மட்டத்திலேயே இருக்கிறது. தூணின் உச்சிக்கு மேலே பலகையின் விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் நீர்க்காகம் உட்கார இடமில்லாமல் பாறைக்குப் போய்விட்டது. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கொக்கு பார்ப்பது தண்ணீர் தொடுகிற எண்ணை மட்டும்தான். தூணின் தலையைப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஏட்டுக்குப் பறவையைச் சாட்சிக்கு இழுக்கிறான் என்று தான் கேலி செய்தது நினைவுக்கு வந்தது. இந்தக் குள்ளமான பெண்மணியை அவர் அன்று பார்த்த பார்வையில் இருந்தது வெறும் மரியாதை மட்டுமில்லை, பெருமையும்தான்.

"அப்ப லாரிக்காரன்தான்!" என்றார் தலைவர். "குழாய் நின்னா அவனுக்குத்தானே கொண்டாட்டம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா பலகை ஒரு மயிரிழை கோணாம நேரா நிக்குது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் வாஷர் போட்டு, கிரீஸ் தடவி முறுக்கியிருக்கு. திருட்டு வேலை செய்யறவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? இருந்தாலும் அது சாட்சி ஆகாது. சாட்சி வேற."

அவர் மதகுக்காரன் பக்கம் திரும்பினார். "தண்ணி சிவப்புக்குக் கீழ போச்சுன்னு கேட்டதும் நீங்க என்ன செய்ய நினைச்சீங்க?"

"கீழ் வாய்க்கு மாத்தணும்னு."

"ஏன்?"

"இல்லேன்னா பம்ப் காத்து குடிச்சுக் கெட்டுப்போயிடும்."

"பம்ப் ரெண்டு நாளா மேல் வாயிலயே ஜோரா ஓடுது. இருமவே இல்ல. தண்ணி இறங்கலைங்கறதுக்கு அதுவும் ஒரு சாட்சி. ஆனா முக்கியம் அது இல்ல. தண்ணி போயிடுச்சுன்னு ஊரே நம்பின அன்னைக்குக் காலையில, வாய் மாத்த வேணாம்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். பலகையை நம்பியிருந்தா அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். தண்ணி அங்கேயேதான் இருக்குன்னு அவருக்கு மட்டும் தெரியும்."

யாரும் எஞ்சினியரைப் பெயர் சொல்லிக் காட்டவில்லை. எல்லாக் கண்ணும் தானாக அவர்மேல் போய் நின்றது. அவர் தலையைக் குனியவில்லை. முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியவர் போல நிமிர்ந்துதான் நின்றார்.

"நான்தான் தூக்கி மாட்டினேன்," என்றார். "நான் சொன்னா கேக்கல. பலகை சொன்னா கேப்பாங்கன்னு தோணுச்சு. இவர் பத்து நாள் வரமாட்டார், வந்து பாக்கறப்ப வெயில் குடிச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். துளை அடிக்கு ஒண்ணு. கொஞ்சம் கொஞ்சமா ஏத்த வழியில்ல. மறுநாளே இவர் வந்து பாப்பார்னு நான் நினைக்கவே இல்ல." மதகுக்காரனைப் பார்க்க முயன்று முடியாமல் தண்ணீரைப் பார்த்தார். "உன்னைப் பிடிச்சுட்டாங்கன்னு தெரிஞ்ச நிமிஷமே ஸ்டேஷனுக்கு வந்திருக்கணும். சொன்னா ஆலையைத் திறந்துடுவாங்களேன்னு ஒருநாள் தள்ளிப் போட்டேன். அந்த ஒருநாளை நீ உள்ள கழிச்சே. அது தப்பு. பலகையைத் தூக்கினதைவிடப் பெரிய தப்பு."

"வாயை மாத்தியிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏன் மாத்தல?"

எஞ்சினியர் அந்தக் கேள்வியே விளங்காதவர் போலப் பார்த்தார். "கீழ் வாயில கலங்கல் வரும் மேடம். மேல நல்ல தண்ணி இருக்கறப்ப ஜனங்களுக்கு எதுக்குக் கலங்கல்?"

ஊரையே ஏமாற்றத் துணிந்த மனிதர், ஒரு குடம் கலங்கல் தண்ணீர் கொடுக்கத் துணியாமல் மாட்டிக்கொண்டாரே என்று ஏட்டுக்குத் தோன்றியது. தன் மச்சினனை ஒருநாள் லாக்கப்பில் வைத்த ஆள்மேல் கோபப்படப் பார்த்தார்; கோபம் வந்தது, ஆனால் நிற்கவில்லை.

தலைவருக்கு நின்றது. "அப்ப தண்ணி இருக்கு! முதல்ல ஆலைக்குத் திறக்கச் சொல்றேன். இந்த ஆளை உள்ள தள்ளுங்க."

"இருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். படகிலிருந்த துடுப்பை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். "ஏறி, தூண்கிட்டப் போய் இதைத் தண்ணிக்குள்ள விட்டுப் பாருங்க."

என்ன நினைத்தாரோ, தலைவர் படகில் ஏறினார். ஏட்டு கம்பால் தள்ளிக்கொண்டு போனார். தூணுக்குப் பக்கத்தில் தலைவர் துடுப்பை நட்டுக்குத்தாக இறக்கினார். பாதி வரை சுலபமாகப் போன துடுப்பு அதற்கப்புறம் கூழுக்குள் போவது போலத் தயங்கித் தயங்கி இறங்கியது. வெளியே எடுத்தபோது கீழ்ப்பாதி முழுக்கக் கன்னங்கரேலென்று சேறு அப்பியிருந்தது. பலகை முன்பு சொன்ன நாலேகால் அடியில் பாதியை யாரும் குடிக்க முடியாது என்பதைச் சொல்ல எஞ்சினியர் தேவைப்படவில்லை. தலைவர் துடுப்பைப் பார்த்தார். திரும்பிக் கரையைப் பார்த்தார். அவ்வளவு தொலைவில், சுண்டுவிரல் உயரத்தில் தெரிந்த கரையிலிருந்து இங்கே வரை, ஒரு காலத்தில் எல்லாம் தண்ணீர். பைனாகுலரில் அது தெரிந்ததே இல்லை.

தலைவர் திரும்பி வந்து தரையில் கால் வைத்ததும், யாரையும் பார்க்காமல், ஆலைக்கு அடைத்தது அடைத்தபடியே இருக்கட்டும், மழை வரைக்கும் என்றார். கையில் இருந்த ஷூவை மாட்டவும் மறந்து கரையைப் பார்க்க நடந்தார்.

பலகையை எஞ்சினியரே பழைய இடத்துக்கு இறக்கி மாட்டினார். ஸ்பேனர் அவர் பையிலேயே இருந்தது. கொக்கு இந்தத் தடவை பைனாகுலர் இல்லாமல், படகில் பக்கத்திலேயே உட்கார்ந்து அளவைச் சொன்னார். இவ்வளவு கிட்டத்தில் பலகையின் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து அவருக்கே கூச்சமாகப் போயிற்று. வழக்கை எப்படி எழுதப்போகிறீர்கள் மேடம் என்று ஏட்டு தணிந்த குரலில் கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்றார் இன்ஸ்பெக்டர். தண்டனை வந்தால் வரட்டும். ஆனால் ஏன் செய்தார் என்பதையும் எழுதுவேன், மூன்று கூட்டத்திலும் யார் சிரித்தார்கள் என்பதையும் சேர்த்து. ஏட்டுக்குச் சுருக்கென்றது.

கரைமேல் ஜீப் நின்றது. எஞ்சினியர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நேற்று அதே இடத்தில் உட்கார்ந்து போன மதகுக்காரன் விறுவிறுவென்று ஜீப்பை நோக்கி வந்தான். பையன் கை நீட்டிவிடுவானோ என்று ஏட்டு பதறிக் குறுக்கே போனார்.

"மாப்ள, வேணாம்."

"தள்ளுங்க மாமா." அவன் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தான். முகம் இறுகியிருந்தது. பிறகு கேட்டான்:

"மேல் வாய் இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும் சார்?"

எஞ்சினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆலை அடைச்சிருக்கிறதால... ஒரு மூணு வாரம் ஓடும். பம்ப் சத்தத்தைக் கேட்டுட்டே இரு. இருமின உடனே மாத்திடு, காத்திருக்காதே. மாத்தினதும் முதல் ஒருமணி நேரத்துக் கலங்கலை வெளிய விட்டுடு."

"சரிங்க சார். நீங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

டிரைவர் சாவியைத் திருகினார். முன் சீட்டிலிருந்து கை ஒன்று நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "அவங்க பேசி முடிக்கட்டும்."